பிரக்டிகல் டீச்சர் நடத்தி முடிக்காத பாடம்

ஹட்டனிலிருந்து டயகம போகும் பஸ்ஸில் பிரக்டிகல் டீச்சரோடு ஒரு தடவை பயணம் செய்தவர்களில், பௌதிகம் தெரியாமல் இறங்கியவர் எவருமே இல்லை. வளைவில் பஸ் திரும்பி எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாயும்போது, டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா, இதுதான் சடத்துவம்" என்பார். கொஞ்ச நாளில் கொண்டக்டரே அவரை முந்திக்கொண்டு, "சடத்துவம் வருது, புடிச்சுக்கங்க" என்று குரல் கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

நான் அந்த வழியிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் ஆசிரியன். டீச்சருக்கு ஊர் ராகலைப் பக்கம். விஞ்ஞானப் பட்டத்தோடு தற்காலிக நியமனத்தில் எங்களிடம் வந்தவர். எதையும் செய்து பார்க்காமல் நம்ப மாட்டார். அதனால் வந்த பெயர். பிளேன்டீயைக்கூட வெப்பமானி விட்டுப் பார்த்த பிறகுதான் குடிப்பார். அமிலமா காரமா என்று கண்டுபிடிக்கும் சாறு காய்ச்சுவதற்காக, கோயில் செவ்வரத்தைச் செடியைச் சிவப்புப் பூ ஒன்றுகூட விடாமல் ஒரே காலையில் மொட்டையடித்தார். சண்டைக்கு வந்த பூசாரியின் கையில் புளிப்பான ஒரு தேசிக்காயைக் கொடுத்து, அந்தச் சாற்றில் பிழியச் சொன்னார். சாறு பளிச்சென்று சிவந்தது. பூசாரி வந்த வேலையை மறந்துவிட்டு, இன்னொரு தேசிக்காய் இருக்கிறதா என்று கேட்டார்.

ஆனால் பட்டம் மட்டும் இருந்தால் விஞ்ஞான ஆசிரியையாக நிலைத்துவிட முடியாது. பட்டப்பின் கல்வி டிப்ளோமாவையும் முடிக்க வேண்டும். அதுவும் அவருடைய நியமனத்தில் சொன்ன காலத்துக்குள் முடிக்காவிட்டால் வேலை போய்விடும். டீச்சர் வார இறுதிகளில் ஹட்டனுக்குப் போய்ப் படித்தார். அங்கே படித்த கல்வி உளவியலை எங்கள் மீதே செய்து பார்த்தார். அதிபர் சிடுசிடுத்தால், சின்ன வயதில் அவருக்குப் பாராட்டுப் போதவில்லை என்று முடிவுகட்டி, அன்று முழுக்க அவரது கையெழுத்தைப் புகழ்ந்துகொண்டிருப்பார். அதிபருக்கு அது பிடித்துப்போய், அடிக்கடி சிடுசிடுக்க ஆரம்பித்தார்.

எல்லாத் தாள்களிலும் டீச்சர் தேறிவிட்டார். மிச்சம் ஒன்றுதான். மேற்பார்வையாளர் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க, ஒரு முழுப் பாடத்தை நடத்திக் காட்ட வேண்டும்.

அங்கேதான் வினை வந்தது. டீச்சரின் படிப்பைச் சோதிக்கப் பெரிய ஐயா ஒருவர் வருகிறார் என்று பிள்ளைகள் தங்கள் லயத்து வீடுகளில் போய்ச் சொல்லிவிட்டார்கள். எங்கள் தோட்டத்துக்கு முக்கியமான யார் வந்தாலும், ரோட்டிலிருந்தே தப்படித்து மாலை போட்டு அழைத்து வருவது வழக்கம். தோட்டத் தலைவர் உடனே கூட்டம் போட்டார். வருகிற ஐயாவுக்கு மரியாதையில் குறை வைத்தால் அது நம்ம டீச்சரின் தலையில் விடியும் என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று.

அன்று கொழுந்தெடுக்கும் பெண்கள் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, நல்ல சேலை உடுத்து வந்திருந்தார்கள். சத்தமில்லாமல் வகுப்புக்குள் நுழைய நினைத்த மேற்பார்வையாளரை வேனிலிருந்து இறங்க விடாமலே பொட்டு வைத்தார்கள். மாலை விழுந்தது, பொன்னாடை விழுந்தது. பாடத்தைப் பார்த்தால் போதும் என்று அவர் சொன்னது தப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பிறகு தலைவர் பேச எழுந்தார். காட்டை வெட்டித் தேயிலை நட்ட காலத்தில் தொடங்கிய பேச்சு அது. டீச்சரிடம் வந்து சேரவே அரைமணி நேரம் பிடித்தது. டீச்சர் வகுப்பு வாசலில் நின்று, போதும் போதும் என்று கையைக் காட்டிக் கெஞ்சினார். தலைவர் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் உரக்கப் புகழ்ந்தார்.

பாடம் தொடங்கியபோது பாடவேளை முடிகிற நேரம். மேற்பார்வையாளர் இன்னொரு பாடசாலைக்கும் போக வேண்டும். தேசிக்காய்ச் சாறு சிவந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்து காரத்தைக் காட்டச் சவர்க்காரத் தண்ணீரை எடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவரே வழி சொன்னார். வெளியாட்கள் புகுந்து பாடத்தைக் குழப்பினார்கள் என்று எழுதிக் கொடுத்தால் இன்னொரு நாள் தர முடியும். இல்லையென்றால் பாதிப் பாடத்துக்கு அவர் தேர்ச்சி போட முடியாது.

"அவங்க வெளியாளுங்க இல்ல சேர்," என்றார் டீச்சர். "என் புள்ளைங்களோட அம்மா அப்பா. அவங்க மேல நான் எழுதிக் குடுக்க மாட்டேன்."

அதிபர் சொல்லிப் பார்த்தார், நானும் சொல்லிப் பார்த்தேன். தலைவர் இனிப் பாடசாலைப் படி ஏறக்கூடாது என்று உத்தரவு வந்தால் என்ன செய்வீர்கள் என்று டீச்சர் எங்களையே திருப்பிக் கேட்டார். டிப்ளோமா படிக்கும் அடுத்த அணியோடு சேர்ந்து மீண்டும் பாடம் நடத்திக் காட்ட அவர் காத்திருந்தார். அந்தத் தேதி வருவதற்குள் நியமனத்தின் காலம் முடிந்துவிட்டது.

இப்போது அவர் கொழும்பில் தண்ணீர்ப் போத்தல் கம்பனி ஒன்றில் தண்ணீரைச் சோதிக்கிறார். விஞ்ஞான வேலைதான். ஆனால் தண்ணீர் கேள்வி கேட்காது, கைதட்டாது. எங்கள் பிள்ளைகளுக்கு இன்றுவரை வேறு விஞ்ஞான ஆசிரியர் வரவில்லை.

நடந்ததைத் தோட்டத்தில் யாருக்கும் சொல்லக்கூடாது என்று போகும்போது எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதனால் தலைவர் இன்றும் என்னை எங்கே கண்டாலும் நிறுத்திச் சொல்வார்: "அன்னைக்கு நான் பேசின பேச்சுலதான் மாஸ்டர், நம்ம டீச்சருக்குக் கொழும்புலயே பெரிய வேலை குடுத்துட்டாங்க. புது டீச்சர் யாரும் வந்தா சொல்லுங்க, இதவிட ஜோரா செஞ்சிருவோம்."

ஆமாம் தலைவர் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். டீச்சர் ஒரே ஒரு நாள் திரும்பி வந்தால் போதும். அந்த மிச்சப் பாடத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நானும் கேட்பேன்.