இன்னொரு காவியா

நெல்லிவாசல்நாடு,
புதன்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் லட்சுமணன் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் தங்கவேல் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மங்கம்மாளும் காவியாவும் ஜீப்பும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத இந்த வாரம் கை வரவில்லை. தாங்களும் மருமகன்கள் இருவரும் சுகமாக இருக்கவும், டயர் கடையில் வியாபாரம் குறையாமல் நடக்கவும் மலைமேல் உள்ள எல்லாச் சாமிகளையும் வேண்டிக்கொள்கிறேன். ரத்தினம்மாள் அக்காவையும் விசாரிப்பதுதான் முறை. ஆனால் இப்போது நான் அக்கா பெயரைச் சொன்னாலே வில்லங்கமாகிறது. அதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

கண்ணமங்கலம் பஸ் ஸ்டாண்டில் யாராவது உங்களிடம், உன் தங்கச்சி புருஷனுக்கு ரெண்டு குடும்பமாமே என்று கேட்டிருந்தால், கையில் கிடைத்த ஜாக்கி ராடைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவதற்கு முன்னால் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். போனில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். போன் பாதியில் கட்டானதால்தான் இந்த வினையே வந்தது. அதனால் கட்டாகாத வழியில், புளி மூட்டை ஏற்றிவரும் கோபால் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

மலைப்பாதை மழையில் சரிந்த வருஷம் காவியா ஆறாம் வகுப்பை உங்கள் வீட்டில் தங்கிப் படித்தாள் அல்லவா, ஆரம்பம் அங்கேதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு நீள எண் உண்டு. எந்த ஊர்ப் பள்ளிக்குப் போனாலும் அந்த எண் கூடவே போக வேண்டும். அந்த வருஷம் ரோடே இல்லாததால் எண்ணும் கீழே இறங்கவில்லை போலிருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் புதிதாக ஒரு எண் போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். மறு வருஷம் இவள் மலைக்குத் திரும்பியதும் இங்கே பழைய எண்ணிலேயே உட்கார வைத்தார்கள். கீழே போட்ட எண்ணை யாரும் மூடவில்லை. அது பாட்டுக்குக் கண்ணமங்கலத்தில் ஆறாம் வகுப்பிலேயே கிடந்திருக்கிறது. கிடந்தால் கிடக்கட்டும் என்று விடலாம். ஆனால் இந்த வருஷம், பிள்ளைகள் வந்தார்களா இல்லையா என்று குறிக்கிற கம்ப்யூட்டரையும், பாடமும் தேர்வும் நடத்துகிற இன்னொரு கம்ப்யூட்டரையும் ஒன்றாக இணைத்தார்களாம். இணைக்கும்போது பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் பார்த்த மிஷின், காவியா படித்த பாடம் எழுதிய தேர்வு எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கண்ணமங்கலத்து எண்ணில் ஒட்டிவிட்டது. இதை எனக்கு விளக்கிச் சொன்னது காவியாவின் பத்தாம் வகுப்பு ஆசிரியை தேவயானி டீச்சர். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான் மச்சான்: பள்ளிக்கூடத்துக்கு வருகிற காவியா ஒரு எழுத்தும் படிக்கவில்லை, படிக்கிற காவியா பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

வராத பிள்ளையை அரசாங்கம் சும்மா விடுமா? திங்கட்கிழமை நான் திருப்பத்தூர் டிரிப் முடித்து வந்து பார்த்தால், வாசலில் பெண்பிள்ளைகள் பாதுகாப்புக்கென்று இருக்கிற அதிகாரி பிரியதர்ஷினி மேடம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் தேவயானி டீச்சர் தலை குனிந்து நிற்கிறார். மங்கம்மாள் கையில் சாமை அரிசி முறம், அப்படியே நிற்கிறது, புடைக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. காவியா எங்கே என்று மேடம் கேட்டார். ஸ்கூலில் இருக்கிறாள் என்றேன். அந்தக் காவியா தெரியும், இன்னொரு காவியா எங்கே என்றார். எனக்கு ஒரே மகள்தான் என்றேன். மேடம் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ரெண்டாவது பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணி அனுப்பிட்டீங்களா? உண்மைய சொல்லுங்க."

"ரெண்டாவது பொண்ணே கெடையாதுங்க மேடம்."

"எல்லா அப்பாவும் மொதல்ல இப்டித்தான் சொல்வாங்க."

இருக்கிற பிள்ளையை இருக்கிறது என்று காட்டலாம். இல்லாத பிள்ளையை எதைக் காட்டி இல்லை என்பது? ஆதார் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினேன். ஒரு காவியா இருப்பதற்குத்தான் இது சாட்சி, இன்னொருத்தி இல்லை என்பதற்குச் சாட்சியாகாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து டீச்சர் தன் போனில் இருந்ததை வாசித்தார். பெயர் காவியா. தந்தை தங்கவேல். தாய் ரத்தினம்மாள். ஊர் கண்ணமங்கலம். மச்சான், உங்கள் மனைவி எனக்குக் கூடப்பிறந்த அக்கா முறை. காது இரண்டும் சுட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஜனங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

மங்கம்மாள்தான் முதலில் நிதானத்துக்கு வந்தாள். அண்ணன் வீட்டில் ஒரு வருஷம் விட்டிருந்தோம், அப்போது மாற்றி எழுதியிருப்பார்கள் என்று எடுத்துச் சொன்னாள். சரி, அந்த அண்ணியையே கேட்டுவிடுவோம் என்றார் மேடம். இங்கே சிக்னல் தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மேடம் முன்னே, நாங்கள் நடுவே, ஊர் பின்னே, சாமி ஊர்வலம் மாதிரி ஏறினோம். ஸ்பீக்கரில் போட்டார். அக்கா எடுத்தார். காவியா என்கிற பெண்ணைத் தெரியுமா என்று மேடம் கேட்டார். அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"இன்னாங்க இப்டி கேக்கறீங்க, அது எம் பொண்ணுதாங்க. புள்ளைக்கு இன்னா ஆச்சு?"

அத்தோடு சிக்னல் போயிற்று.

மறுபடி போட்டார்கள், கிடைக்கவில்லை. எத்தனை தரம் போட்டும் கிடைக்கவில்லை. பாசத்தில் சொல்லுகிற பேச்சு மேடம், எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் சொன்னதை நானே நம்பாத மாதிரி என் குரல் வந்தது. மேடம் கெட்டவர் இல்லை மச்சான். இந்த மலையில் அவர் தேடிப் போன பிள்ளைகளில் சிலர் தாலியோடு கிடைத்திருக்கிறார்கள், அதனால் யார் சொல்லையும் லேசில் எடுத்துக்கொள்வதில்லை. விசாரணை முடியும்வரை இரண்டு எண்ணையும் நிறுத்தி வைப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எண் நின்றால் பத்தாம் வகுப்புப் பரீட்சைப் பெயர்ப்பட்டியலில் காவியா பெயர் ஏறாது. பட்டியல் வெள்ளிக்கிழமை மூடுகிறார்கள்.

அன்றிலிருந்து ஜீப்பில் ஏறுகிறவர்கள் எனக்குப் பக்கத்து சீட்டில் உட்காருவதில்லை. எங்கள் ஊர் அர்ச்சுனன் மட்டும் உட்கார்ந்து, கீழ் வீட்டில் எப்படி, நல்ல கவனிப்பா என்று விசாரித்தான். கொண்டைஊசி வளைவில் இருந்ததால் கையை ஸ்டியரிங்கில் இருந்து எடுக்க முடியவில்லை, தப்பித்தான். மங்கம்மாளுக்கு என்மேல் சந்தேகம் இல்லை. ஆனால் பேச்சும் இல்லை. பெத்தவ நான், என் பேரைத் தூக்கிட்டு அண்ணி பேரை எழுதினது யாரு என்று அடுப்பைப் பார்த்துக் கேட்கிறாள். அடுப்பும் நானும் பதில் சொல்லாமல் இருக்கிறோம். அதைவிடக் காவியாவைத்தான் பார்க்க முடியவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால், "அவதான் நல்லா படிக்கிறாளாமே, அவளையே பரீட்சை எழுதச் சொல்லுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நிமிர்ந்தால் பிள்ளை கண்ணெல்லாம் தண்ணீர். நர்ஸ் படிப்புக்குப் போகணும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள் மச்சான். இவள் இருக்கிறாள் என்று இவளே சொன்னால் செல்லாது என்கிறார்கள், பதினைந்து வயதில் அதைக் கேட்க எப்படியிருக்கும்.

நேற்று டிரிப்பை விட்டுவிட்டுத் திருப்பத்தூர் அலுவலகம் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் இருக்கிற ராஜ்குமார் தம்பி நல்ல மாதிரி. இரண்டையும் ஒன்றாக்க ஒரே ஒரு பட்டன்தான் என்று அதைக் காட்டவும் செய்தார், ஆனால் தொட முடியாதாம். கண்ணமங்கலம் வேறு மாவட்டம். எண் போட்ட பள்ளியே, இந்தப் பிள்ளையும் அந்தப் பிள்ளையும் ஒருத்திதான், நாங்கள் விடுவிக்கிறோம் என்று எழுதிக் கொடுத்துத் தங்கள் பக்கத்தில் திறந்துவிட்டால்தான் இங்கே பட்டன் அமுங்குமாம். ஆகையால் மச்சான், இந்தக் கடிதம் கண்டதும் கடையைச் சாத்திவிட்டு அந்தப் பள்ளிக்குப் போய், கையோடு எழுதி வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமைக்குள் திருப்பத்தூர் வந்துவிட வேண்டும். கோபித்துக்கொள்ளாமல் ஒன்று மட்டும் சொல்லுங்கள். தாயார் பெயர் என்ற இடத்தில் அக்கா பெயரை எழுதியது நீங்கள்தானே? வேறு யார் எழுதியிருக்க முடியும்? உங்கள் தங்கையிடம் நான் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். வரும்போது அவளுக்குச் சமாதானமாக ஏதாவது வாங்கி வரவும்.

மருமகன்களுக்கு என் ஆசி. உங்கள் குடும்பம் ஆல்போல் தழைத்து, ஒவ்வொருவரும் ஒரே எண்ணோடு நீடூழி வாழ வேண்டும்.

தங்கள் அன்பு மறவாத,
தங்கவேல்.

பி.கு.: கோபாலைச் சாயங்காலம்வரை காத்திருக்கச் சொல்லி இதை எழுதுகிறேன். மேலே எழுதிய எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். பஸ்ஸில் ரத்தினம்மாள் அக்காவே வந்து இறங்கிவிட்டார். போன் கட்டானதும் பயந்துபோய் நேரே அந்தப் பள்ளிக்குப் போய் விசாரித்து, மேடம் அங்கேயும் கேட்டிருந்ததால் விஷயம் தெரிந்து, எழுதித் தரும்வரை நகரமாட்டேன் என்று உட்கார்ந்து வாங்கிவிட்டாராம். உங்களிடம் சொன்னால் நாளை பார்ப்போம் என்பீர்கள் என்று பெரியவனிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாராம். திருப்பத்தூரில் இறங்கி, ராஜ்குமார் தம்பி பட்டனை அமுக்கும்வரை பக்கத்தில் நின்று, பிரியதர்ஷினி மேடத்திடமும் பேசிவிட்டுத்தான் மலை ஏறினாராம். காவியா ஒருத்தியாகிவிட்டாள். பட்டியலில் பெயர் ஏறிவிட்டது என்று டீச்சர் சொல்லி அனுப்பினார். பெயரை எழுதியதும் நீங்கள் இல்லையாம், அக்காதானாம். எனக்குப் பொண்ணு இல்ல, ஒரு வருஷமாவது இருக்கட்டுமேன்னு எழுதிட்டேன் என்று சொன்னார். மங்கம்மாள் அவர் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேனே அண்ணி என்றாள். இரண்டு பேரும் அழுதுவிட்டு இப்போது கேழ்வரகுக் களி கிண்டுகிறார்கள். ஆகையால் நீங்கள் வர வேண்டிய அவசியமில்லை.

இப்போதுதான் டீச்சர் மறுபடி ஆள் அனுப்பினார். இரண்டு எண்ணும் சேர்ந்தபோது தாயார் பெயரும் சேர்ந்து, மங்கம்மாள் ரத்தினம்மாள் என்று நிற்கிறதாம். சான்றிதழில் அப்படியே அச்சாகிவிடும், எந்தப் பெயரை எடுக்கட்டும் என்று வீட்டில் கேட்டுச் சொல்லச் சொன்னார். அடுப்படி வாசல்வரை போனேன். இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் உடனே புறப்பட்டு வரவும்.