ரோடு ரோலரில் போனவனைக் கைது செய்த மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். அங்கே அனைவரும் சுகமாக இருப்பீர்கள். நான் சுகமாக இல்லை. முகாமின் காவல் அறையில், கால் ஆடும் பெஞ்சில் உட்கார்ந்து, முழுத் தெளிவோடு இதை எழுதுகிறேன். என்னை உள்ளே வைத்தவன் யார் தெரியுமா? நம் பெண்ணுக்கு நீங்கள் சல்லடை போட்டுத் தேடிக் கொண்டுவந்த அந்தத் தங்கமான வரன், இராணுவப் போலீஸ் கார்ப்பரல்தான். இந்தச் சம்பந்தம் முறிய வேண்டும், அதற்குத்தான் கடிதம்.

நடந்ததைச் சொல்கிறேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். இன்று மதியம் எங்கள் பெரிய அதிகாரிக்குப் பிரியாவிடை விருந்து. ஆளாளுக்கு எழுந்து அவரை வாழ்த்தினார்கள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் கிளாஸைத் தூக்க வேண்டும், தூக்கியதைக் குடிக்காமல் கீழே வைத்தால் அவமரியாதை. நான் மரியாதை தெரிந்தவன். வெளியே வந்து பார்த்தால், நாளை அணிவகுப்பு நடக்க வேண்டிய மைதானம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது, ரோடு ரோலர் ஓட்டுபவன் லீவில் போயிருக்கிறான். வண்டிப் பிரிவுக்குப் பொறுப்பான சார்ஜென்ட் நான், பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? ஏறினேன், ஓட்டினேன். பொறுப்புணர்ச்சிக்கு இந்தக் காலத்தில் கிடைக்கும் பரிசு இதுதான்!

அவன் வந்தான். துரத்திக்கொண்டு வரவில்லை மச்சான், நடந்து வந்தான். ரோலருக்குப் பக்கத்திலேயே நடந்து, இரண்டு முறை முன்னால் போய்விட்டு எனக்காக நின்று காத்திருக்கவும் செய்தான். மெஸ் சமையல்காரர்கள் கரண்டியும் கையுமாக வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். மானம் கப்பலேறிவிட்டது. அதைவிடக் கொடுமை, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். "ஐயா, ஓரமா நிறுத்துங்க. குடிச்சுட்டு வண்டி ஓட்டினதுக்காக உங்களைக் கைது பண்றேன்" என்றான். சல்யூட் அடித்த கை கீழே இறங்குவதற்குள் கைது!

"டேய், நான் உனக்கு மேல இருக்கிறவன். என்னை நீ கைது பண்ண முடியுமா?"

"இந்த விஷயத்துல பண்ணலாங்க ஐயா. சீருடை போட்டவங்க யாரா இருந்தாலும் எங்களுக்கு அதிகாரம் இருக்கு."

"அப்போ என்னை விடச் சொல்லி ஆர்டர் போடறேன்."

"போட்டுக்கோங்க. குடிச்சிருக்கறப்ப போடற ஆர்டர் செல்லாதுங்க."

இது சாலையில்லை, மைதானம் என்றேன். ரோலருக்குச் சக்கரமே கிடையாது, உருளைதான் என்றேன். அதற்கு அந்தப் பயல், "நான் புதுசா சேர்ந்தப்ப நீங்கதான் ஐயா வகுப்பு எடுத்தீங்க. என்ஜின் ஓடினா அது வண்டி, வண்டி ஓடினா அங்க சட்டம் உண்டுன்னு பலகையில எழுதிப் போட்டீங்க" என்கிறான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது மச்சான், பாய்ந்ததோடு சாவியையும் பிடுங்கிக்கொண்டது. துணி துவைக்கும் கொட்டகையின் சுவரை நான் இடித்துவிட்டதாக வேறு எழுதிக்கொண்டான். பச்சைப் பொய்! அந்தப் பக்கம் நான் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

வருங்கால மாமனார் என்ற ஈவு இரக்கம் இல்லாதவன் நாளைக்குப் பெண்ணை என்ன பாடு படுத்துவான்? கடிதம் கண்டவுடன் அவன் வீட்டுக்குப் போய்ப் பேச்சை முறித்துவிட்டு மறுவேலை பாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள், உங்கள் மூட்டுவலிக்கு என் அனுதாபங்கள்.

நெஞ்சு கொதிக்கும்
உங்கள் தங்கை புருஷன்

பி.கு.: ஒரு தூக்கம் போட்டு எழுந்து மேலே உள்ளதைப் படித்தேன். வரிகள் ஏன் இப்படி மாடிப்படி ஏறுகின்றன என்று தெரியவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன், துவைக்கும் கொட்டகைக்கு இப்போது ஒரு பக்கச் சுவர் இல்லை. நம் பெண் சாப்பாடு கொண்டுவந்தாள். முறித்துவிடச் சொல்லி மாமாவுக்கு எழுதியிருக்கிறேன் என்றேன். "அப்பா, நீங்க மெஸ்ல குடிச்சுட்டு வண்டியை ஓட்டி வீடு வந்து சேர்ற வரைக்கும் அம்மா வாசல்லயே நிப்பாங்க. நான் அப்படி நிக்க வேண்டியிருக்காதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றாள். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள் மச்சான். தேதியைக் குறித்துவிடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: மாப்பிள்ளை இனிமேல் எனக்கு சல்யூட் அடிக்கக் கூடாது. அடித்தால் என் கை தானாகச் சாவியை நீட்டிவிடும்.