பக்கத்து அட்டையில் ஒரு பத்து

என் வாழ்க்கையில் நான் சுட்ட மிகச் சிறந்த குண்டு இன்னொருத்தியின் அட்டையில் இருக்கிறது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் காபி வருவதற்குள் அப்பா இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுவார். ஆனால் அவர் சொல்லும் கதையில் ஒரு பொய் விடுபட்டிருக்கும். அதைச் சொன்னவள் நான்.

துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். காற்றழுத்தத்தில் ஈயக் குண்டைத் தள்ளும் ஏர் பிஸ்டல்தான். பத்து மீட்டர் தள்ளி ஓர் அட்டை, அதன் நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வளையம். அதில் பட்டால் பத்து. இப்படி அறுபது தடவை. அருப்புக்கோட்டையில் நட்டு, போல்ட்டு, பெயிண்ட் விற்கிறவர் மகளுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். (காலேஜில் என்னை த்ரோபால் டீமில் சேர்த்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் காரணம்.)

ஞாயிறுதோறும் மதுரைக்குப் போய்ப் பழகுவேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என் பையைப் போட்டு வைத்திருப்பேன். காரியாபட்டியில் கற்பகம் ஏறுவாள். நரிக்குடிப் பக்கத்துக் கிராமம். கொஞ்சம் வயல், நிறைய ஆடு. என்னைவிட மூன்று வயது சின்னவள். நான், அவள், மதுரை ஷர்மிளா, மூன்று பேரும் சேர்ந்துதான் எங்கள் கிளப்பின் பெண்கள் அணி.

எனக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. கற்பகத்துக்கு அப்படி இல்லை. மாநிலப் போட்டியில் அணிக்கு ஒரு மெடல் கிடைத்தால், அந்தச் சான்றிதழை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு எழுதிப் போடலாம். வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. அந்த வருடத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு போட்டி. அது விஜயதசமி அன்று, மதுரையில்.

அப்போது என்னிடம் இருந்த பிஸ்டல் ஒரு முரட்டுச் சாமான். ஒவ்வொரு குண்டுக்கும் மேல் மூடியைப் பிளந்து, மறுபடி அழுத்தி மூடிக் காற்றேற்ற வேண்டும். விசையை அழுத்துவது துருப்பிடித்த கடை ஷட்டரை இழுப்பது போல. ஆனால் நாலு வருடப் பழக்கம். அதன் குணம் எனக்குத் தெரியும், என் குணம் அதற்குத் தெரியும். சண்டை போட்டுக்கொண்டே குடும்பம் நடத்தினோம்.

போட்டிக்கு ஐந்து நாள் முன்னால் புதியது வந்தது. சென்னையில் ஓர் அக்கா விளையாட்டை விட்டு விலகிக் கொடுத்த வெளிநாட்டுப் பிஸ்டல். நீல நிறக் கைப்பிடி, விரலுக்கு விரல் பள்ளம். பக்கவாட்டில் சின்னக் குமிழை நகர்த்தினால் குண்டு போட இடம் திறக்கும். விசையைத் தொட்டால் போதும்.

கோச்சுக்குப் போன் செய்தேன். "அதுக்குக் கை பழக ஆறு மாசம் ஆகும். மேட்ச் முடியற வரைக்கும் பெட்டியையே தெறக்காதம்மா" என்றார். அப்பாவோ, "புதுச விஜயதசமிக்கு முன்னாடி சுட்டுப் பாக்காத தாயி. அன்னைக்கு ஆரம்பிச்சா எல்லாம் ஜெயந்தான்" என்றார். இரண்டு பேர் பேச்சையும் கேட்டேன். சுடவில்லை. பீரோக் கண்ணாடி முன்னால் நின்று பிடித்து மட்டும் பார்த்தேன். நாலு கோணத்தில் பார்த்தேன். போட்டோவும் எடுத்துக்கொண்டேன். அந்த நீலம் எனக்கு ரொம்பப் பொருத்தமாக இருந்தது.

ஆயுத பூஜை அன்று கடைத் தராசு, பெயிண்ட் கலக்கும் மெஷின், ஸ்பானர் செட், இரண்டு பிஸ்டல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து அம்மா சந்தனமும் குங்குமமும் இட்டார். எங்கள் வீட்டில் கஞ்சத்தனம் எல்லாவற்றிலும் உண்டு, சந்தனத்தில் கிடையாது. பூஜையில் வைத்ததை மறுநாள் சூடம் காட்டித்தான் எடுக்க வேண்டும். ஆக, போட்டிக்கு முந்தின நாள் முழுக்க என் ஆயுதங்கள் பொரியையும் கடலையையும் பார்த்துக்கொண்டு ஓய்வெடுத்தன.

விடியற்காலையில் அம்மா சூடம் காட்டிவிட்டுப் பழைய பிஸ்டலைத் துடைத்து என் பையில் வைத்தார். "போட்டிக்குப் பழகுனதக் கொண்டு போ. புதுச சாயந்தரம் வந்து ஒரு குண்டு சுட்டு ஆரம்பி, போதும்" என்றார். அவர் சட்னி அரைக்கப் போன இரண்டு நிமிடத்தில் நான் மாற்றி வைத்தேன். அப்பா தன் விஜயதசமி ஜோசியத்தின் மேல் இன்றும் பழியைப் போட்டுக்கொள்கிறார். அதில் நியாயமில்லை. நான் மாற்றியது அந்த நீலத்துக்காக.

காரியாபட்டியில் கற்பகம் ஏறினாள். கையில் ஒரு தூக்குவாளி. எனக்கும் சேர்த்துப் புளிச்சோறு. உட்கார்ந்ததும் கேட்டாள்.

"அக்கா, புதுசு வந்துருக்குன்னு கோச் சொன்னாக. பழசத்தான கொண்டாந்துருக்கீக?"

"ஆமாடி. பழசுதான்."

"இல்ல, சும்மா கேட்டேன். நீங்க வழக்கமா போடுறதப் போட்டாலே போதும்க்கா. நம்ம மூணாவது வந்துருவோம். நான் கூட்டிப் பாத்துட்டேன்."

அவள் நோட்டில் மூன்று பேர் பெயரும் எழுதி, பழைய மார்க்கெல்லாம் போட்டுக் கூட்டி வைத்திருந்தாள். என் பெயருக்கு எதிரே இருந்த எண்ணுக்கு அடியில் கோடு வேறு. என் மேல் அத்தனை நம்பிக்கை வைத்த இன்னொரு ஆளை நான் இன்றுவரை பார்த்ததில்லை. பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன்.

சோதனை மேசையில் இருந்த அதிகாரி என் பிஸ்டலைக் கையில் எடுத்ததும் திடுக்கிட்டார். "என்னம்மா, ரத்தமா?"

"குங்குமம் சார். நேத்து ஆயுத பூஜை."

"பொட்டு வச்சாப் போதாதா? கல்யாணப் பொண்ணு மாதிரில்ல இருக்கு!" துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னார். துடைத்தேன். கைப்பிடிப் பள்ளங்களுக்குள் இருந்தது போகவில்லை. அது வியர்வையில் குழைந்து உள்ளங்கைக்கு வந்து, அங்கிருந்து நெற்றிக்குப் போனது. சுடத் தொடங்கும் முன்பே அடிபட்டவள் போல நின்றேன். கற்பகமும் ஷர்மிளாவும் வரிசையின் அந்தக் கோடியில் இருந்தார்கள். அது ஒரு ஆறுதல்.

முதல் ஒத்திகைக் குண்டு, நான் கையைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. சுவரில் பட்டது. நான் விரலை வைத்தேனே தவிர அழுத்தவில்லை என்று சத்தியம் செய்வேன். அடுத்தது, இடது கை தானாக மேலே போய், இல்லாத மூடியைத் திறக்கப் பார்த்தது. நாலு வருடப் பழக்கம் எனக்கு முன்னால் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அறுபது குண்டிலும் பாதிக்கு மேல் நான் காற்றைத் திறந்து மூடினேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்.

உண்மையான போட்டி தொடங்கியதும் குண்டெல்லாம் இடது பக்கமாக விழுந்தது. பார்வைக் குறியைச் சரிசெய்ய ஒரு குட்டித் திருகாணி உண்டு. வலது பக்கம் திருகினேன். குண்டு இன்னும் இடது பக்கம் போனது. இன்னும் திருகினேன். இன்னும் போனது. பழையதில் எந்தப் பக்கம் திருகுவோமோ, இதில் அதற்கு நேர்மாறு. திருகாணி விற்றுச் சாப்பிடுகிற குடும்பத்துப் பெண்ணுக்கு இது விளங்க இருபத்திரண்டு குண்டு ஆனது.

விளங்கியதும் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள். குனிந்து, பல்லைக் கடித்து, திருகாணியைச் சரியான பக்கம் கொண்டுவந்தேன். நிமிர்ந்தேன். மூச்சை இழுத்துப் பாதி விட்டேன். கை அசையவில்லை. மனதும் அசையவில்லை. விசை தானாகக் கரைந்தது போல இருந்தது. அப்படி ஒரு குண்டை நான் அதற்கு முன்னும் சுட்டதில்லை, பின்னும் சுட்டதில்லை.

பொத்தானை அழுத்தி என் அட்டையை அருகில் வரவழைத்தேன். வெள்ளைவெளேரென்று வந்தது. ஓட்டையே இல்லை.

பக்கத்தில் நின்ற பெண் கையைத் தூக்கினாள். "சார், நான் ஒண்ணுதான் சுட்டேன். என் அட்டையில ரெண்டு இருக்கு."

குனிந்து நிமிர்ந்ததில் நான் குறி பார்த்தது அவள் அட்டையை. அதில் ஒரு ஏழு, நட்டநடுவில் ஒரு பத்து. எது யாருடையது என்று நிரூபிக்க முடியாவிட்டால், நல்லதை அட்டைக்குச் சொந்தக்காரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. பத்து அவளுக்கு. எனக்குச் சுழி. "தேங்க்ஸ்க்கா" என்றாள் அந்தப் பெண். நல்ல வளர்ப்பு.

அன்று கற்பகம் தன் வாழ்நாளில் இல்லாத மார்க் எடுத்தாள். நான் வழக்கமாக எடுப்பதைவிட நாற்பது குறைவாக எடுத்தேன். எங்கள் அணி நான்காவது. மூன்றாவது வந்தது அந்தப் பக்கத்துப் பெண்ணின் அணி. இடையில் இரண்டே புள்ளி. அவள் ஏழுக்குப் பதிலாக நான் கொடுத்த பத்தில் மட்டுமே மூன்று புள்ளி இருக்கிறது.

ஊர் திரும்பும் பஸ்ஸில் என் பை மடியில் திறந்திருந்தது. மூட மறந்துவிட்டேன். கற்பகம் உள்ளே பார்த்தாள்.

"புதுசாக்கா?"

நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"நல்லாருக்கு" என்றாள். தூக்குவாளியைத் திறந்து எனக்குப் புளிச்சோறு எடுத்து வைத்தாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். காரியாபட்டி வரும்வரை காத்திருந்தேன், திட்டவில்லை. "வாரேன்க்கா" என்று இறங்கிப் போனாள்.

பிறகு, மோசமாகச் சுட்டதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, அன்னைக்கி நேரம் சரியில்ல" என்றாள். நேரமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் சரியில்லை. ஒரு வரி உண்மை சொல்லியிருந்தால், அவள் என்னைக் காரியாபட்டியிலேயே இறக்கி, பழையதை எடுத்துவர அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்பியிருப்பாள். நேரம் இருந்தது. இப்போது அவள் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் கேட் செக்யூரிட்டி. காக்கி அல்ல, நீலச் சட்டை. மில் வேனில் வந்து போகிறாள். வழியில் அந்த நீலத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது.

எங்கள் வீட்டில் அந்தப் பத்து நிரந்தர வசனமாகிவிட்டது. எங்களுக்கு வர வேண்டிய கூரியர் எதிர்வீட்டுக்குப் போனால், "பத்துப் போட்டுருச்சுடீ!" என்பார் அப்பா. மேகம் எங்கள் தலைக்கு மேலே கறுத்து, ஒரு சொட்டு விழாமல் தாண்டிப் பக்கத்து ஊர் பாலவனத்தத்தில் கொட்டினால், "பக்கத்து அட்டையில பத்து!" எங்கள் ஊர் மழைக்கு இந்த வசனம் அடிக்கடி தேவைப்படுகிறது. ஒரு ஆயுத பூஜைக்கு வீட்டுக்கு வந்த கற்பகமும் இதைக் கேட்டு, பொரியை வாயில் வைத்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள் அருப்புக்கோட்டை காய்ந்து கிடந்தது. வானம் கறுத்து, இடி இடித்து, அப்படியே கிழக்கே போய்விட்டது. மறுநாள் காலையில் கற்பகம் போன் செய்தாள்.

"அக்கா, நேத்து ராத்திரி எங்க பக்கம் பேஞ்ச மழையில கம்மா நெறஞ்சு, வழிஞ்சு மறுகா போகுது. இந்தத் தடவ உங்க பத்து எனக்கு விழுந்துருச்சுக்கா!"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு, இத்தனை வருடம் கழித்து, பஸ்ஸில் அவள் கேட்டபோது நான் தெரிந்தே பொய் சொன்னேன் என்பதை வாய்விட்டுச் சொன்னேன்.

"அப்பவே தெரியும்க்கா" என்றாள். "பைய அப்படிப் பிடிச்சுருந்தீக. நாந்தான் நம்பணும்னு நெனச்சேன்."