குளிர் அறைக்குள் தென்துருவம்

அன்புள்ள மைத்துனர் பிரைட்டனுக்கு, தூத்துக்குடியிலிருந்து அத்தான் கிருபாநிதி எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய தயவால் நானும் உன் அக்கா பிளாரன்சும் சுகம். நம் ஐஸ் பிளாண்டுக்குத்தான் சுகமில்லை. சென்னையில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

நிற்க. "ஜெப்ஸியை ரோபோ படிக்க வையுங்க அத்தான்" என்று அன்றைக்கு ஒற்றைக்காலில் நின்றவன் நீ. ஆகவே இதை நீதான் கேட்டாக வேண்டும். போன வாரம், மஞ்சள் பெயிண்ட் அடித்த சுரைக்காய் மாதிரி ஒரு இயந்திரத்தோடு வந்து இறங்கினாள் உன் மருமகள். தென்துருவத்தில் உறைந்த கடலுக்கு அடியில் அது தனியாகவே நீந்திப்போய்த் தண்ணீரின் சூடு, உப்பு, பாசி எல்லாவற்றையும் அளந்து வருமாம். நல்ல காரியம்தான், நான் வேண்டாம்னா சொன்னேன்? ஆனா சோதிச்சுப் பார்க்க உறைஞ்ச கடல் வேணுமாம். "யப்பா, நம்ம குளிர் அறையத் தாங்க"ன்னா. தந்தேன். அடுக்கியிருந்த ஐஸ்பாரெல்லாம் வெளியே போச்சு, லாரி நீளத்துக்கு ஒரு தொட்டி உள்ளே வந்துச்சு, அதுல கடல்தண்ணி. மேல மட்டும் உறையணும், பக்கம் உறையக்கூடாதுன்னு வீட்டு மெத்தை பூராவும் தொட்டியைச் சுத்திக் கட்டியாச்சு. நான் பாயில படுக்கேன். வெளியே கிடந்த ஐஸ்பார் நம்ம ஊரு வெயில்ல ரோட்டோட ஓடுது. விசைப்படகு ஜேசுபாதம் ஆட்களோட வந்து, "அண்ணாச்சி, போட்டு கடலுக்குக் கெளம்பணும், ஐஸ் எங்க?"ன்னு கத்துதாரு. "மாமா, தொட்டியத் தொட்டுராதீங்க, அது தென்துருவம்"ங்கா இவ!

பனியில ஒரே ஒரு ஓட்டை போட்டு இயந்திரத்தை உள்ளே விட்டா. "ஏளா, ஒரு கயிறாவது கட்டி விடேன்"னேன். கேக்கல. போனது போனதுதான், ஓட்டையைக் காணாம மூலையில முட்டிக்கிட்டு நிக்கி. ஐஸுக்கு அடியில அதோட விளக்கு மங்கிக்கிட்டே வருது. நான் கடப்பாரையைத் தூக்கிட்டேன். ஜெப்ஸி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அங்கன யாருப்பா வந்து உடைப்பா? இது தானா வரலேன்னா தென்துருவம் போற கப்பல்ல ஏத்தமாட்டாங்க. மூணு வருசமா இதத்தாம்பா செஞ்சேன்"னா. கண்ணு கலங்கிப்போச்சு அவளுக்கு. எனக்கும்தான், ஆனா அது குளிர்ல.

ஜேசுபாதமும் ஆட்களும் போட்டை மறந்து தொட்டியைச் சுத்தி நின்னாங்க. மெதுவா அந்த விளக்கு திரும்புச்சு. தடவித் தடவி வந்து, ஓட்டை வழியா மூக்கை நீட்டுச்சு பாரு! அவனவன் அடிச்ச விசில்ல காது அடைச்சுப்போச்சு. அதோட விட்டாரா ஜேசுபாதம்? "ஏம்மா, இத நம்ம கடல்ல விட்டா சீலா மீனு எங்கன கெடக்குன்னு சொல்லுமா?"ன்னு அங்கனயே உக்காந்துட்டாரு. இப்ப ஐஸ் வாங்க வாறவன் ஒருத்தனுமில்ல, தென்துருவம் பார்க்க வாறவன்தான் அத்தனை பேரும். எல்லாருக்கும் உன் அக்கா காப்பி போடுதா.

ஆகவே நீ உடனே போன் போட்டு, அவளையும் அவள் கடலையும் சென்னைக்கே அழைத்துக்கொள். இதற்கு மேல் என்னால் ஆகாது.

சமாதானத்தின் தேவன் உன் வீட்டாரைக் காத்து, என் குளிர் அறையை எனக்கே திரும்பத் தருவாராக.

அன்புள்ள அத்தான்,
கிருபாநிதி

பி.கு.: போன் எதுவும் போட்டுவிடாதே. அடுத்து செய்யப்போகும் இயந்திரம் இதைவிடப் பெரிசாம், தொட்டி பத்தாதாம். குளிர் அறைச் சுவரை இடிக்கக் கொத்தனார் வந்து நிற்கிறார். நான்தான் வரச்சொன்னேன்.