கடைசிப் பத்தி வரை படிக்காதவள்

ஒரு செய்தியை ஊருக்குள் முதல் ஆளாகச் சொல்வதில் இருக்கிற சுகம் ஃபில்டர் காபியில்கூடக் கிடையாது. அந்தச் சுகத்துக்கு அடிமையாகி நான் பட்ட அவமானம்தான் இது. சொல்லும்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் வேறொன்றும் வருகிறது.

புதுக்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். ஆசிரியர் கூட்டத்தில் ஒருமுறை எங்கள் முதல்வர், "இந்த ஏஐ வெவகாரத்த யாராச்சும் ஒருத்தர் பாத்துக்கங்க" என்றார். எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். நான் மட்டும் முதல்வரைப் பார்த்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து செயற்கை நுண்ணறிவில் உலகத்தின் எந்த மூலையில் என்ன நடந்தாலும் அதற்கு நான் பொறுப்பு.

அது லேசான பொறுப்பு இல்லை. திங்கட்கிழமை "இருப்பதிலேயே கெட்டிக்கார ஏஐ மாடல் இதுதான்" என்று பாடம் எடுத்தால், புதன்கிழமை அதைவிடக் கெட்டிக்காரன் பிறந்திருப்பான். கேள்வித்தாள் அச்சாகி வருவதற்குள் விடை மாறியிருக்கும். காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் செய்தி பார்க்க ஃபோனை எடுப்பேன். (எங்கள் வீட்டு அடுப்புக்கு அந்த நாட்களில் தினசரி பாலாபிஷேகம்.) ஆராய்ச்சிக் கட்டுரைகளை முழுதாகப் படிக்க நேரம் ஏது? அந்த ஏஐயிடமே கொடுத்துச் சுருக்கித் தரச் சொல்வேன். சுருக்கத்தையும் படிக்க முடியாத நாளில் தலைப்பு. தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வகுப்பு முழுக்கப் பேசிவிடுவேன். வாத்தியார் வேலை எதைக் கற்றுக்கொடுத்ததோ இல்லையோ, அதைக் கற்றுக்கொடுத்தது.

அந்தச் சமயத்தில்தான் அத்தானுக்கு உடம்பு முடியாமல் போனது.

அத்தான் என்றால் என் அக்கா செல்வியின் வீட்டுக்காரர், கருப்பையா. பல வருடம் வளைகுடாவில் கட்டட வேலை பார்த்துத் தூசியைத் தின்றுவிட்டு வந்து, திருமயத்தில் டைல்ஸ் கடை வைத்திருந்தார். எதற்கும் அவசரப்படாத மனிதர். என்னைக் கேலி செய்வதை மட்டும் தள்ளிப்போட மாட்டார். கொழுந்தியாளைக் கிண்டலடிப்பது அத்தான்மாரின் பிறப்புரிமை என்பது அவர் கட்சி. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றுதான் ஆரம்பித்தது. திருச்சிக்குக் கூட்டிப்போய்ப் பார்த்ததில், நுரையீரல் மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டுக்கொண்டே போகிற நோய் என்றார்கள். மாத்திரையால் வேகத்தைக் குறைக்கலாம், கெட்டிப்பட்டதைத் திருப்ப முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அத்தான் எடுத்த முடிவு ஒன்றுதான். மகள் அபிநயாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. ஆவணியிலேயே கல்யாணத்தை நடத்திவிட வேண்டும். அக்காவுக்குச் சம்மதமில்லை. அவசரமாக வைத்தால் அவர் போகப்போகிறார் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவள் பயம். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? "ஆவணிக்கு மண்டபம் கெடைக்காது" என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை அவர்களைப் பார்க்கத் திருமயம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வழக்கம்போல் ஃபோனில் செய்தி மேய்ந்தபோது அந்தத் தலைப்பு கண்ணில் பட்டது. ஏஐ கண்டுபிடித்த புது மருந்து, கெட்டிப்பட்ட நுரையீரலைப் பழையபடி ஆக்குகிறதாம். அதே நோய். பெயர்கூட அதேதான். கீழே இருந்த சுருக்கத்தையும் படித்தேன். முழுக் கட்டுரையைத் திறக்கப் போனபோது சிக்னல் போய்விட்டது. திரும்ப வந்தபோது திருமயம் கோட்டை தெரிந்தது. இறங்கி, அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

(என் உடம்புக்கு ஓட்டம் பொருந்தாது. தெருவில் இரண்டு பேர் பயந்துபோய் என் பின்னாலேயே வந்தார்கள், ஏதோ ஆகிவிட்டது என்று.)

அத்தான் கட்டிலில் சாய்ந்திருந்தார். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நிலைப்படியில் நின்று, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் அறிவித்தேன்.

"அக்கா, மருந்து கண்டுபுடிச்சுட்டாங்க. அத்தானுக்கு இருக்குற அதே வியாதிக்கு. ஏஐ கண்டுபுடிச்சிருக்கு. கெட்டியானதத் திருப்பிருதாம்."

அக்கா கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். "நெசமாவாடி மலரு?"

"இந்தா, நீயே பாரு."

அவளுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். அந்தத் தலைப்பின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். ஏதாவது ஒரு எழுத்தை விட்டுவிட்டால் மருந்து கிடைக்காமல் போய்விடும் என்பதுபோல.

அத்தான் நிதானமாகக் கேட்டார். "நம்ம ஊரு மெடிக்கலுக்கு எப்ப வருமாம்?"

"ஏஐ வேகம் ஒங்களுக்குத் தெரியாது அத்தான். இன்னைக்கு இருக்குறது நாளைக்கு இருக்காது."

அன்று சாயங்காலமே அக்கா கோட்டை பைரவருக்குத் தேங்காய் உடைத்தாள். மறுநாள் சம்பந்தி வீட்டுக்கு ஃபோன் போட்டு, "தையில வச்சுக்குவோம். அதுக்குள்ள அவுக எந்திரிச்சு நடமாடிருவாக" என்றாள். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் சொந்தக்காரர்கள் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் எல்லோருக்கும் விளக்கம் கொடுத்தேன். விளக்கம் போகப்போக நீளமாகவும் அழகாகவும் ஆனது. அபிநயா மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "சித்தி, நல்லாப் படிச்சுப் பாத்தீங்கள்ல?" என்றாள்.

"நான் படிக்காமலா?" என்றேன்.

சிக்னல்தான் வந்துவிட்டதே, பிறகாவது முழுதாகப் படித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்குள் வேறு இரண்டு மாடல்கள் வெளிவந்துவிட்டன. அந்த மருந்து எனக்குப் பழைய செய்தியாகிவிட்டது.

அடுத்த பரிசோதனைக்குத் திருச்சி போனபோது என்னையும் அழைத்துக்கொண்டு போனார்கள். கௌரவ விருந்தாளி மாதிரி காரில் உட்கார்ந்துகொண்டேன். டாக்டர் அறையில் அக்கா என் ஃபோனை வாங்கி மேசையில் வைத்தாள்.

"இந்த மருந்த எழுதிக் குடுங்க டாக்டர். எங்கன கெடைச்சாலும் வாங்கிருவோம். என் தங்கச்சிதான் கண்டுபுடிச்சுச் சொன்னா. அவ காலேசுல ஏஐக்கே அவதான் பொறுப்பு."

டாக்டர் வெகுநேரம் படித்தார். வியந்துபோய்ப் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஃபோனை என் பக்கம் நகர்த்தினார்.

"மேடம், இத முழுசாப் படிச்சீங்களா?"

"சுருக்கம் படிச்சேன் சார்."

"கடைசிப் பத்தியப் படிங்க."

ஆங்கிலத்தில் சத்தமாக ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் குரல் தானாகவே இறங்கிவிட்டது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி போட்டிருக்கு? தமிழ்ல சொல்லு."

ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். "எலிக்குக்கா" என்றேன்.

"என்னது?"

"எலிக்குக் குணமாயிருக்காம். மனுசங்களுக்கு இன்னும் குடுத்துப் பாக்கலயாம். அதுக்குப் பல வருசம் ஆகலாமாம்."

அக்கா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அப்போது அத்தான் முன்னால் சாய்ந்து, மிகுந்த அக்கறையோடு கேட்டார்.

"எலி இப்ப நல்லாருக்கா டாக்டர்?"

டாக்டர் சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தார், முடியவில்லை. அத்தானும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாக மாறி நிற்காமல் போய், டாக்டர் எழுந்து ஓடிவந்து, நாங்கள் ஆளுக்கொரு பக்கம் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

திரும்பும்போது அக்கா முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் அத்தான் பக்கத்தில் நான், கௌரவமெல்லாம் போய், கைப்பையை மடியில் கட்டிப்பிடித்தபடி. கீரனூரில் டீக்கு நிறுத்தச் சொன்னார் அத்தான். அக்கா குடிக்கவில்லை.

"செல்வி, ஆவணியிலயே வச்சுருவோம்" என்றார்.

"மண்டபம் கெடைக்காது." அக்கா திரும்பவில்லை.

"கெடைக்கும். சொல்லி வச்சிருக்கேன். நீ தைன்னு சொன்ன அன்னைக்கே சொல்லிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நீங்க நம்பவே இல்லயா அத்தான்?"

அவர் டீயை ஊதினார். ஊதுவதற்கே அவருக்கு மூச்சு போதவில்லை. "நம்பல. ஆனா ஒங்க அக்கா அன்னைக்குத்தான் தூங்குனா. அவள எழுப்புவானேன்னு இருந்துட்டேன்."

முன்சீட்டில் அக்காவின் தோள் குலுங்கியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீடு வரும்வரை ஃபோனைத் தொடவில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஆக்சிஜன் மிஷினை மணமேடைக்கே கொண்டுபோய் வைத்து, மூக்கில் குழாயோடு உட்கார்ந்து அத்தான் மகளைத் தாரைவார்த்துக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டாரிடம் என்னை, "இவுக என் கொழுந்தியா, எலி டாக்டரு" என்று அறிமுகம் செய்தார். அது மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நெல்லு மூட்டையப் பூராக் கடிச்சுப்புடுதும்மா, என்ன மருந்து வைக்கலாம்?" என்று உண்மையாகவே கேட்டார். அத்தான் தூரத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

மார்கழியில் அவர் போய்விட்டார்.

அதன்பிறகு அக்கா என்னோடு பேசினாள், ஆனால் அளந்து பேசினாள். நானும் வீட்டுக்குள் ஏஐ என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. பல மாதம் கழித்து, கண்ணில் விடும் சொட்டு மருந்து பற்றி யாரோ அனுப்பியதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யோசிக்காமல் போட்டுவிட்டேன். அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது. "ஏண்டி, இது மனுசனுக்கா, எலிக்கா?" பின்னாலேயே ஒரு சிரிப்பு. அத்தான் போனதற்குப் பிறகு அவள் சிரித்துக் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு அது குடும்ப வழக்கமாகிவிட்டது. பட்டுப்புடவைத் தள்ளுபடியோ, புது பஸ் ரூட்டோ, யார் நல்ல செய்தி கொண்டுவந்தாலும் எங்கள் வீட்டில் முதல் கேள்வி அதுதான்.

போன மாதம் அந்த மருந்தைப் பற்றி மறுபடியும் ஒரு செய்தி பார்த்தேன். இந்த முறை கடைசிப் பத்திவரை படித்தேன். திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத்தான் கூப்பிட்டேன்.

"அந்த மருந்து பத்திப் போட்டிருக்காங்கக்கா."

"மனுசனுக்கா, எலிக்கா?" பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"மனுசனுக்குத்தான்க்கா. கொஞ்சப் பேருக்குக் குடுத்துப் பாக்குறாங்களாம்."

அந்தப் பக்கம் அவள் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"சரி" என்றாள் அக்கா. "யாருக்காச்சும் குணமாகட்டும்."