மாயவன் காட்டிய பாவ்லா

முப்பத்தெட்டு வயதில் விளையாட்டு வீரராவது என்று மாயவன் முடிவெடுத்தார். நாட்டுக்குப் பெருமை சேர்க்க அல்ல. மல்லாட்டைக்குப் பயந்து.

மாமனார் கண்ணுசாமிக்கு எலவனாசூர்கோட்டைப் பக்கம் மூன்று காணிக் கொல்லை. வருஷா வருஷம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை முற்றியதும் ராஜாம்பாள் கணவரை லீவு போட வைத்து அங்கே ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்றில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பேனா மூடியைக் கடிக்கிற மனிதர், வெயிலில் குனிந்து செடி பிடுங்குவார். வேலை முடிந்து அவர் ஊர் திரும்புவார். இடுப்பு மட்டும் பின்னாலேயே வேறொரு பஸ்ஸில் வரும்.

இந்த வருஷம் வழி பிறந்தது. சேலத்தில் ஆலைகளுக்கிடையே கூடைப்பந்துப் போட்டி. டீமில் இருப்பவர்களுக்குச் சம்பளத்தோடு சிறப்பு விடுப்பு. தேதியைப் பார்த்தார். மல்லாட்டை பிடுங்கும் அதே வாரம். கடவுள் இருக்கிறார் என்று மாயவனுக்கு அன்றைக்குத்தான் உறுதிப்பட்டது.

டீமுக்குப் பயிற்சி கொடுப்பவர் ஃபிட்டர் பொன்னுரங்கம். பட்டாளத்தில் ஆடியவர். பத்துப் பேர் வேண்டும் என்றார், மாயவனைத் தவிர ஒன்பது பேர்தான் வந்தார்கள். மாயவன் தேர்வான வீர வரலாறு இவ்வளவுதான்.

"சார், பந்தக் கொழந்த மாதிரி கட்டிப் புடிச்சிக்கினு நிக்காதீங்க. முட்டி மடங்கணும். முழங்கை பந்துக்கு அடியில இருக்கணும். கடேசியா மணிக்கட்ட வெடுக்குனு மடக்கணும். எங்க, போடுங்க."

மாயவன் போட்டார். பந்து வளையத்தைத் தாண்டி, பலகையைத் தாண்டி, சுவரையும் தாண்டிக் கழிவுப்பாகுத் தொட்டியில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தப் பந்தைப் பிடித்தவர் யாராலும் அதை விட முடியவில்லை.

"சரி, ஷூட்டிங்க வுடுங்க. பாவ்லா கத்துக்குங்க. போடப் போற மாதிரியே பந்தத் தூக்கணும். கண்ணு வளையத்து மேல இருக்கணும். எதிராளி நம்பிக்கினு எகிறுவான். அவன் மேல போறப்போ நீங்க கீழ பூந்து போயிடணும்."

"அவன் எகிறலன்னா?"

"நெஜம் மாதிரி இருந்தா எகிறுவான். அவசரப்பட்டீங்கன்னா ஒருத்தனும் எகிற மாட்டான்."

இதில் மாயவன் புலி. பதினைந்து வருஷமாக வேலை செய்வது போல உட்கார்ந்திருந்த அனுபவம் வீணாகப் போகுமா? இடது பக்கம் பார்த்து வலது பக்கம் நழுவினார். தோளை ஆட்டிவிட்டுக் காலால் ஓடினார். எதிரில் நின்றவர்கள் தவளை மாதிரி எகிறினார்கள். பூந்து போனபின் பந்தை வளையத்தில் போடத்தான் தெரியவில்லை. அது அவ்வளவு முக்கியமா என்ன?

அன்று சாயங்காலமே வீட்டில் ஒன்று காட்டிப் பார்த்தார்.

"ராஜாம்பா, எனக்கு மனசே சரியில்ல."

"இன்னா ஆச்சி?"

"மல்லாட்டைக்கு வரணும்னு எவ்ளோ ஆசையா இருந்தேன் தெரியுமா? மேனேஜர் வுட மாட்றாரு. நீ இல்லன்னா டீமே இல்லன்னு கையப் புடிச்சிக்கினாரு."

"கையவா?"

"ரெண்டு கையையும்."

"ஐயோ பாவம். அவரு உங்க ஆட்டத்த இன்னும் பாக்கலியா?"

மாயவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுப்படியிலிருந்த பரங்கிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்து பாவ்லா காட்டினார். விளக்கினார். திரும்பக் காட்டினார். ராஜாம்பாள் வாயைப் பிளந்து பார்த்தாள்.

"எதிராளிய எப்டிங்க நம்ப வைக்கிறது?"

"பொறுமதான்டி. அவன் இன்னா ஆசப்படறானோ அதையே காட்டணும்."

"ஓகோ. எனக்கெங்க இதெல்லாம் புரியப் போவுது."

பிறகு அவள் சண்டை போடவில்லை. மூஞ்சியைத் தூக்கவில்லை. "ஆட்டம்தாங்க முக்கியம், போய்ட்டு வாங்க" என்றாள். பையில் துணி மடித்து வைத்தாள். வழிக்கு என்று முறுக்கு சுட்டு டின்னில் அடைத்தாள். மாயவன் தரையிலிருந்து இரண்டடி மேலே மிதந்தார்.

அந்த வாரம்தான் இடஒதுக்கீடு கேட்டு மறியல் ஆரம்பித்தது. சாலையோரத்துப் புளியமரங்களெல்லாம் நடுச்சாலைக்கு வந்து படுத்தன. பஸ் நின்றது. ஆலை பூட்டிக்கிடந்தது. சேலம் போட்டி தள்ளிப்போனது. போட்டி முடியும்வரை சிறப்பு விடுப்பு நீளும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஒரு பாடுமில்லாமல் சம்பளம். மாயவன் மனதுக்குள் ஒவ்வொரு புளியமரத்துக்கும் மாலை போட்டார்.

எலவனாசூர்கோட்டையில் நிலைமை வேறு. கூலி ஆட்களெல்லாம் ரோட்டில் இருந்தார்கள். கொல்லையில் யாரும் இல்லை. கல்வராயன் மலைப் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. ஒரு மழை விழுந்தால் முற்றிய மல்லாட்டை மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். கிழவரின் ஒரு வருஷப் பிழைப்பு போச்சு. சொல்லும்போதே ராஜாம்பாளின் கண் கலங்கியது. அது பாவ்லா இல்லை. மாயவனுக்குக்கூட நெஞ்சு கனத்தது. சிறிது நேரத்தில் லேசாகிவிட்டது.

"நான் ஓடிப்போயிருப்பேன் ராஜாம்பா. பஸ்ஸு இல்லியே!"

"நீங்க இன்னாங்க பண்ணுவீங்க. படுங்க."

படுத்தார். காலையில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டு வெளியே வந்தார். வாசலில் மொத்த டீமும் நின்றது. முன்னால் விசிலோடு பொன்னுரங்கம்.

"சார், கெளம்புங்க. பயிற்சி கேம்ப்பு."

"எங்க?"

"எலவனாசூர்ல. உங்க மாமனார் கொல்லையில. வூட்டம்மாதான் வந்து சொன்னாங்க. நானும் யோசிச்சேன். குனிஞ்சி நிக்கணும், பக்கவாட்டுல நவுரணும், மணிக்கட்டால வெடுக்குனு இழுக்கணும். ஷூட்டிங்குக்கு இத வுட இன்னா சார் பயிற்சி? மூணு வேள சாப்பாடு வேற. கோழியாம்."

"ரோட்ல மறியல் நடக்குதுய்யா!"

"ஏரிக்கர மேல போயிடலாங்க," என்றாள் ராஜாம்பாள். முந்தானையைச் செருகி, துணிப்பையையும் முறுக்கு டின்னையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு சைக்கிளின் பின்சீட்டில் அவள் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

ஊர் எல்லையில் மறியல்காரர்கள் மறித்தார்கள். மாயவன் முகம் மலர்ந்தது. "மல்லாட்ட புடுங்கப் போறோம்ணா" என்றாள் ராஜாம்பாள். அவர்களும் கொல்லை வைத்திருக்கிறவர்கள்தானே. வானத்தைப் பார்த்தார்கள். "சீக்கிரம் போம்மா, மொளச்சிடப் போவுது" என்று மரக்கிளையை இழுத்து வழி விட்டார்கள்.

கொல்லையில் விசில் ஊதியது. குனிந்தார்கள், நகர்ந்தார்கள், இழுத்தார்கள். கண்ணுசாமி கரையில் நின்று கைதட்டினார். அரை வரிசை முடிவதற்குள் மாயவன் "ஐயோ கணுக்காலு!" என்று விழுந்தார். பொன்னுரங்கம் பதறி ஓடிவந்தார். ராஜாம்பாள் நிமிரக்கூட இல்லை.

"அவசரப்பட்டுட்டாருங்கண்ணே. நெஜம் மாதிரியே இல்ல."

மாயவன் எழுந்து கொண்டார். வேறென்ன செய்வது?

மழை இறங்குவதற்குள் மூன்று காணியும் முடிந்தது. களத்தில் காய் மலை மாதிரி குவிந்தது. கண்ணுசாமி ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து அழுதார். மறுநாள் மறியல் முடிந்தது, சாலை திறந்தது, சேலத்துக்கு உடனே வரச்சொல்லி ஆள் வந்தான். மாயவன் அவசரமாக முகம் கழுவித் தலை வாரிப் பையைத் தோளில் மாட்டினார். ராஜாம்பாள் முறுக்கு டின்னை எடுத்துவந்து பொன்னுரங்கத்திடம் கொடுத்தாள்.

"சார், நீங்க இருங்க," என்றார் பொன்னுரங்கம். "ஆடுறது அஞ்சு பேருதான். மிச்சம் நாலு பேரு கையில இருக்காங்க. உங்கள இட்டுக்கினு போனா பந்துதான் காணாப்பூடும்."

"அப்ப என் லீவு?"

"அது அப்டியேதான் இருக்குது. கவலப்படாதீங்க."

சைக்கிள்கள் ஏரிக்கரையில் மறைந்தன. ராஜாம்பாள் அவர் தோளிலிருந்து பையை இறக்கி வாங்கிக்கொண்டாள்.

"பக்கத்துக் கொல்ல இருசப்பண்ணனுக்கும் ஆளு கெடைக்கலியாம். எங்கூட்டுக்காரு ஒருத்தரே ஒரு டீமுக்கு சமம்னு சொல்லிட்டேன். வாங்க, வந்து குனிங்க."