மறைந்தோர் பிரிவில் ஒரு நேரான மூக்கு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அடுத்து சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, ஓய்வூதியம் வர ஆரம்பித்ததும், நல்ல பலகையில் நுணுக்கமாக ஓட்டை போடுவதைக் கண்டுபிடித்தது. நாகரிகத்தின் உச்சம் இதுவே என்பது மினசோட்டாவில் நோர்பி ஏரி ஸ்க்ரோல் ரம்பக் கழகத்தின் ஏகமனதான தீர்மானம். அதை முன்மொழிந்தவர் கழகத்தின் துணைத் தலைவர் லோவெல் அமுண்ட்சன்.

லோவெல் சாதாரண ஆள் இல்லை. முப்பது வருடம் ஓட்டுநர் உரிமத் தேர்வாளராக இருந்து, ஊரில் பாதிப் பேரைப் பெயிலாக்கியவர். சொந்த மனைவி மார்லிஸைக்கூட ஒருமுறை பெயிலாக்கினார். கடமை என்றால் அவருக்கு அப்படி. ஓய்வு பெற்ற மறுவாரமே கேரேஜுக்கு அந்த ரம்பம் வந்தது. தையல் மெஷினுக்குத் தம்பி மாதிரி இருக்கும். ஊசிக்குப் பதில் நூல்போல ஒரு பிளேடு மேலும் கீழும் துள்ளும். ரம்பம் உள்ளே வந்ததும் மார்லிஸின் கார் வெளியே போனது. அன்றுமுதல் பனிக்காலம் முழுக்க, தினமும் காலையில் அவள் கார்க் கண்ணாடியில் ஐஸைச் சுரண்டினாள். உள்ளே அவர் மரத்தில் பனிப்பூ அறுத்தார். தம்பதியர் இருவரும் ஒரே துறையில் இருப்பதாக லோவெல் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

கழகத்துக்கு ஒரு புனிதமான வழக்கம் உண்டு. உறுப்பினர் யாராவது காலமானால் அவர் முகத்தைப் பலகையில் அறுத்து, தேவாலயக் கூடத்துச் சுவரில் மாட்டுவார்கள். அறுக்கும் உரிமை தலைவர் டுவெய்ன் ஷ்லூட்டருக்கு மட்டும். முகம் அறுப்பது லேசான வேலையில்லை. சுற்றிலும் அறுத்தெடுத்தபின் மூக்கு ஒரு சின்ன மரப் பாலத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். டுவெய்னுக்குப் பொறுமை கிடையாது. தடித்த பிளேடைப் போட்டு விரட்டுவார். பாலம் உடைந்து மூக்கு தரையில் விழும். மரத்தூளில் தேடியெடுத்துப் பசை தடவி ஒட்டுவார். இதனால் கூடத்துச் சுவரில் இருக்கும் அத்தனை பேருக்கும் மூக்கு கோணல். வெளியூர்க்காரர்கள் பார்த்தால், ஒரே குடும்பம் போல, பாவம் என்பார்கள்.

இப்படியிருக்கையில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பிப்ரவரியில், லோவெலுக்கு இதயத்தில் மூன்று அடைப்பு என்று டாக்டர் சொன்னார். திங்கட்கிழமை அறுவைச் சிகிச்சை. அறுவை கழகக் கூட்டங்களுக்குப் புதிதில்லை என்றாலும் இது வேறு வகை. செய்தி கேட்டு முதலில் ஓடிவந்தவர் டுவெய்ன்.

"ஒண்ணும் ஆகாது லோவெல், தைரியமா இரு. ஆமா, உன் போட்டோ ஒண்ணு இருக்குமா? கொஞ்சம் பக்கவாட்டுல, வெளிச்சம் நல்லா விழுந்த மாதிரி?"

"எதுக்குப்பா?"

"சும்மாதான். கையில இருந்தா நல்லதுதானே."

டுவெய்ன் காபியைக் குடித்தபடி லோவெலின் மூக்கையே பார்த்தார். "உனக்குக் கொஞ்சம் பெரிசுதான், இல்ல? பாலம் தாங்கறது சந்தேகம்."

சாவுக்கு லோவெல் பயப்படவில்லை. டுவெய்னுக்குப் பயந்தார். தன் நினைவுப் பலகையைத் தானே அறுத்துவிடுவது என்று அந்த நிமிடமே முடிவு செய்தார். ஆகஸ்டில் மாவட்டக் கண்காட்சி வரும். அதில் 'மறைந்தோர் நினைவுப் பிரிவு' உண்டு. தான் இல்லாவிட்டாலும் மூக்கு போய் முதல் பரிசான நீல ரிப்பனை வாங்கிவரும் அல்லவா?

வால்நட் பலகையில் நீல டேப்பை ஒட்டி, அதன்மேல் தன் முகத்தின் கோட்டுப்படத்தை ஒட்டினார். அறுத்தெடுக்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் சின்ன ஓட்டை போட்டார். ஒவ்வொரு ஓட்டைக்கும் பிளேடைக் கழற்றி, உள்ளே நுழைத்து, மறுபடி மாட்டி, வீணைத் தந்தியைச் சுண்டுவதுபோல் சுண்டி இறுக்கம் பார்த்தார். ஒருமுறை பிளேடைத் தலைகீழாக மாட்டிவிட, பலகை துள்ளி அவர் தாடையிலேயே அறைந்தது. மரத்தாடைக்குச் சேதமில்லை என்று தெரிந்ததும் நிம்மதியானார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மார்லிஸ் வந்து கேரேஜ் வாசலில் நின்றாள்.

"அடுப்புல சுட்ட ஹாட்டிஷ் ஆறுது. உனக்குப் பிடிச்ச மாதிரி உருளைக்கிழங்கு மேல மொறுமொறுன்னு வந்திருக்கு. இன்னைக்கு ஒரு நாளாவது மேஜையில வந்து உக்காரேன்."

"இதோ, மூக்குல இருக்கேன்."

அவள் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். "எனக்குப் பயமா இருக்கு லோவெல்."

"எனக்கும்தான். இந்த வளைவு இருக்கே, இங்கதான் டுவெய்ன் எல்லாரையும் சாகடிப்பான்."

"நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா? எங்கிட்ட சொல்றதுக்கு எதுவுமே இல்லையா உனக்கு?"

லோவெல் மெஷினை நிறுத்தினார். அவள் பேச்சுக்காக மெஷினை நிறுத்துவது அதுதான் முதல் தடவை. கண்ணாடியைக் கழற்றினார். முகக்கவசத்தையும் இறக்கினார். மார்லிஸின் முகம் மலர்ந்துவிட்டது.

"இருக்கு மார்லிஸ். ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். எண்ணெய் துடைச்ச துணியை மட்டும் உருட்டிக் குப்பையில போட்டுடாத. ஆளிவிதை எண்ணெய், தானாவே சூடாகித் தீப்பிடிச்சுக்கும். விரிச்சுக் காயப்போடணும்."

"சரி," என்றாள் மார்லிஸ். எழுந்துபோய், விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டுமே என்று, காரிலிருந்த ஐஸைச் சுரண்ட ஆரம்பித்தாள். சத்தம் உள்ளே கேட்டது. அந்தத் தாளத்துக்கு மூக்கு நன்றாக வந்தது.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ஆஸ்பத்திரிக் காற்றின் ஈரப்பதம் வார்னிஷுக்கு ஒத்துவருமா என்பது. டுவெய்ன் பூங்கொத்தோடு வந்து, "பிழைச்சுட்டியா!" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார், கிட்டத்தட்ட.

வசந்தம் முழுக்க லோவெல் உடம்பைத் தேற்றினார், அதாவது பலகையின் உடம்பை. உப்புத்தாளால் தேய்த்தார். உள்விளிம்புகளிலும் ஏறட்டும் என்று தட்டில் எண்ணெய் ஊற்றி முகத்தை முழுசாக முக்கியெடுத்தார். காய்ந்தபின் மெல்லிசாக வார்னிஷ், நடுநடுவே தேய்ப்பு, மறுபடி வார்னிஷ். அவருடைய மாத்திரைகளை மார்லிஸ் சமையலறையில் தனியாக உட்கார்ந்து பிரித்து வைத்தாள். எண்ணெய்த் துணிகளையும் ஒன்றுவிடாமல் விரித்துக் காயப்போட்டாள்.

ஆகஸ்ட் வந்தது. கண்காட்சிக் கூடத்தில் நடுவர் ஆர்டிஸ் க்ரோக்ஸ்டாட் பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"வேலை பிரமாதம் லோவெல். இந்தப் பிரிவுல நான் பார்க்கிற முதல் நேரான மூக்கு. ஆனா விதி ஒண்ணு இடிக்குதே."

"என்ன விதி?"

"ஆள் செத்திருக்கணும்."

"என் இதயத்தை நிறுத்தி வச்சுத்தான் ஆபரேஷன் பண்ணாங்க, ஆர்டிஸ்! டாக்டர்கிட்ட வேணும்னா கேளுங்க."

"திரும்ப ஓட ஆரம்பிச்சுதா?"

"ஆரம்பிச்சுது."

"அப்ப செல்லாது. கொஞ்ச நேரம் நிறுத்தறது வேற, ஒரேயடியா நிறுத்தறது வேற. ஸ்டாப் போர்டுல காரை முழுசா நிறுத்தலைன்னுதானே அன்னைக்கு லைசன்ஸ் தேர்வுல என்னைப் பெயில் பண்ணீங்க."

மறைந்த தபால்காரர் ஒருவரின் கோணல் மூக்கோடு பக்கத்தில் நின்ற டுவெய்ன், "விதின்னா விதிதான்," என்று இரக்கமே இல்லாமல் சொன்னார்.

லோவெல் கெஞ்சும் நிலைக்கு வந்துவிட்டார். ஆர்டிஸுக்கு மனசு கேட்கவில்லை. "குடும்பத்துல யாராவது வந்து, ஆள் போயிட்டாருன்னு சொன்னாப் போதும். அதுக்கு மேல நாங்க தோண்டிப் பார்க்கிறதில்ல."

"நான் சொல்றேன்," என்று ஒரு குரல். கையில் ஒரு துண்டு ஆப்பிள் கேக்கோடு மார்லிஸ் நின்றுகொண்டிருந்தாள். லோவெலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என்ன இருந்தாலும் பெண்டாட்டி பெண்டாட்டிதான்!

"எப்ப போனாரு?" என்றார் ஆர்டிஸ், பேனாவோடு.

"ரம்பம் வீட்டுக்கு வந்த வருஷமே. அதுலேர்ந்து கேரேஜ்லதான் கிடக்கிறாரு. நான் பாட்டுக்கு ஒத்தையா சமைச்சு, ஒத்தையா சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"எண்ணெய்த் துணியை உருட்டிப் போடாதேன்னாரு."

"உங்களைப் பத்தி?"

"ஒண்ணும் இல்ல."

ஆர்டிஸ் பேனாவை மூடினார். மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் நீல ரிப்பனை எடுத்து மரமூக்குக்குக் கீழே குத்தினார். மார்லிஸின் கையைப் பிடித்து, "ஆழ்ந்த அனுதாபங்கள்," என்றார். டுவெய்ன் தொப்பியைக் கழற்றினார். சுற்றி நின்றவர்களும் கழற்றினார்கள். லோவெலும் பழக்கதோஷத்தில் தன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் அவருக்குச் சுருக்கென்றது. தையல் போட்ட இடத்தில் இல்லை, அதற்கும் உள்ளே.

"மார்லிஸ்..." என்றார்.

அவள் கேக்கின் கடைசி வாயைச் சாப்பிட்டுவிட்டு, கைப்பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்தாள்.

"நான் கிளம்பறேன் ஆர்டிஸ். ஆள்தான் போயாச்சே, கேரேஜ் இனிமே காலிதான். பனி விழறதுக்குள்ள காரை உள்ள விட்டுடறேன்."